மைக்ரான் படலத்தின் மேல் ஓடும் கார்

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ ஒரு கார் இருக்கிறதா? எஞ்சின் ஆறிக் கிடக்கும் வேளையில் அதன் முன்மூடியைத் திறந்து காட்டும்படி பெரியவர்களைக் கேளுங்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சினின் ஒரு பக்கமாக, வளையம் போன்ற சிறு கைப்பிடி ஒன்று தெரியும். அதைப் பிடித்து இழுத்தால் மெல்லிய நீண்ட கம்பி ஒன்று வெளியே வரும். நுனியில் இரண்டு குறிகள். அவற்றினிடையே பழுப்பாகவோ கறுப்பாகவோ எண்ணெய் ஒட்டியிருக்கும். சிறிய காரில் இந்த எண்ணெய் மொத்தம் மூன்று நான்கு லிட்டருக்கு மேல் இராது. இதைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை வடித்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும். பணிமனையில் அரை மணி வேலை. வீட்டில் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்விடும். ஆனால் எங்கள் கல்லூரியில் ஒரு பருவம் முழுவதும் நான் நடத்தும் பாடத்தில் பாதி அந்த ஒரு காலையில் கண்முன்னே நடந்துவிடுகிறது.

எஞ்சினுக்கு எண்ணெய் எதற்கு? இக்கேள்வியை ஆண்டுதோறும் என் வகுப்பில் கேட்கிறேன். "வழுவழுப்புக்கு, சார்" என்றுதான் பதில் வருகிறது. தவறில்லை, ஆனால் போதாது. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். பெட்ரோல் வெடித்து எரியும்போது உருளைக்குள் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 50 மடங்கை எளிதாக எட்டும். பிஸ்டனின் விட்டம் 7 சென்டிமீட்டர் என்று கொண்டால் அதன் மேல் விழும் விசை ஏறக்குறைய 2 டன் எடைக்குச் சமம். இத்தனை விசையும் கீழே சுழலும் கிராங்க் தண்டின் மேலும், அதைத் தாங்கும் பேரிங்குகளின் மேலும் இறங்குகிறது. தண்டோ நிமிடத்துக்கு 3,000 சுற்று, அதாவது விநாடிக்கு 50 சுற்று சுழல்கிறது. 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டின் மேற்பரப்பு அப்போது விநாடிக்குச் சுமார் 8 மீட்டர் வேகத்தில் பேரிங்கை ஒட்டி ஓடுகிறது. இரண்டு டன் சுமையை ஓர் உலோகத்தின் மேல் வைத்து அந்த வேகத்தில் தேய்த்தால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் இரண்டும் காய்ந்து, உருகி, ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அப்படி ஆவதில்லையே! வழுவழுப்பான எண்ணெய்தான் இருக்கிறது என்றால், இரண்டு டன் சுமை அதைப் பிதுக்கி வெளியே தள்ளிவிடாதா?

இந்தப் புதிருக்கு விடை கிடைத்த கதை சுவையானது. 1883-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் இயந்திரவியல் பொறியாளர் கழகத்துக்காக, ரயில் பெட்டி அச்சுகளின் உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார். சுழலும் தண்டின் மேல் பித்தளைத் தாங்கி ஒன்று அமர்ந்திருந்தது. தண்டின் அடிப்பாகம் எண்ணெய்த் தொட்டியில் தோய்ந்திருந்தது. மேலிருந்தும் எண்ணெய் விடலாமே என்று தாங்கியின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டு சுழன்றதும் அத்துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. வெளியே பொங்கி வந்தது! தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரக்கட்டையை அடித்து இறுக்கினார். அதுவும் மெல்ல மெல்லப் பிதுங்கி வந்தது. அழுத்த அளவி ஒன்றை அங்கே பொருத்தினார். முள் ஏறி, அளவியின் எல்லையான சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டையும் தாண்டிற்று. தாங்கியின் மேல் வைத்த சுமையை அதன் பரப்பால் வகுத்தால் கிடைத்ததோ 100 பவுண்டுதான். சுமை எண்ணெயைப் பிதுக்கித் தள்ளவில்லை. எண்ணெயே சுமையைத் தூக்கிப் பிடித்திருந்தது!

இது எப்படி என்பதை 1886-இல் மாஞ்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்போர்ன் ரேனால்ட்ஸ் கணிதமாக விளக்கினார். ரேனால்ட்ஸ் எண் என்று நீங்கள் பின்னர் படிக்கப் போவது இவர் பெயரால் அமைந்ததுதான். பேரிங்குக்குள் தண்டு சரியாக நடுவில் இருப்பதில்லை. சுமையால் சற்று ஒருபுறம் ஒதுங்கியிருக்கும். ஆகவே இடைவெளி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும், பிறை வடிவில் அமைகிறது. சுழலும் தண்டு தன்னோடு ஒட்டிய எண்ணெயை இழுத்துக்கொண்டு குறுகலை நோக்கி ஓடுகிறது. தேர்த் திருவிழாவன்று நான்கு மாட வீதியில் வரும் கூட்டம் ஒரு சிறு சந்துக்குள் நுழைந்தால் எப்படி நெரியும்! அதே நெரிசல் எண்ணெய்க்கும் ஏற்படுகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகவே அழுத்தம் ஏறித் தண்டைத் தூக்குகிறது. தண்டும் பேரிங்கும் இப்போது தொட்டுக்கொள்ளவில்லை. இடையே, மிக நெருங்கிய இடத்தில், ஒன்று முதல் சில மைக்ரான் தடிமனுள்ள எண்ணெய்ப் படலம் இருக்கிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி இந்தப் படலத்தைவிடப் பல மடங்கு தடிமன். மழைநாளில் நீர் தேங்கிய சாலையில் வேகமாகப் போகும் காரின் டயர் தரையைத் தொடாமல் வழுக்குவதற்கும் இதே தத்துவந்தான் காரணம்; அங்கே வேண்டாத இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

படலம் உண்டாக வேகமும் வேண்டும், திரவத்துக்குப் பாகுத்தன்மையும் வேண்டும். மாட்டு வண்டியின் சக்கரம் நான்கு விநாடிக்கு ஒரு சுற்றுதான் சுற்றும். வேகம் இல்லை. அதனால்தான் நம் முன்னோர் வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, களிம்பு போன்ற மசகை அச்சில் பூசினார்கள். 'மசகெண்ணெய்' என்ற சொல் அங்கிருந்து வந்ததே. எஞ்சினில் வேகம் மிகுதி. ஆகவே அத்தனை கெட்டி தேவையில்லை. ஆனால் அங்கே வேறொரு தொல்லை: வெப்பம்.

அதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் விளக்கெண்ணெய் ஊற்றுங்கள். ஒன்றைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரிலும், மற்றதைக் குளிக்கும் சூட்டிலுள்ள வெந்நீரிலும் கால்மணி நேரம் வையுங்கள். பிறகு சைக்கிள் கடையில் வாங்கிய சிறு எஃகுக் குண்டை ஒவ்வொன்றிலும் போட்டு, அடியைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். வேறுபாடு உங்களை வியக்க வைக்கும். எஞ்சின் எண்ணெயும் இப்படியே சூடேற நீர்த்துப் போகும். ஆனால் விடியற்காலைக் குளிரில் எளிதாக ஓடவும் வேண்டும். 100 டிகிரி செல்சியஸில் படலம் அறுந்துவிடாமலும் இருக்க வேண்டும். இதற்காக அதில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கலக்கிறார்கள். குளிரில் அவை சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து எண்ணெய் நீர்த்துப் போவதைக் குறைக்கும். டப்பாவில் '20டபிள்யூ-40' என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. முதல் எண் குளிரில் அதன் நடத்தையையும், இரண்டாவது எண் சூட்டில் அதன் பாகுத்தன்மையையும் சொல்கின்றன. எண் பெரிதானால் எண்ணெய் உயர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கெட்டியானது என்றுதான் பொருள். காரின் கையேட்டில் எது எழுதியிருக்கிறதோ அதையே வாங்க வேண்டும்.

சரி, தேயாத எண்ணெயை ஏன் மாற்ற வேண்டும்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? பெட்ரோலிலுள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்வதன் விளைவு. வேதியியல் சமன்பாட்டை எழுதி நீங்களே சரிபார்க்கலாம். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறிது பிஸ்டனின் ஓரமாகக் கீழே இறங்கி எண்ணெயில் சேரும். எஞ்சின் நன்றாகச் சூடேறினால் அது ஆவியாகிவிடும். வீட்டிலிருந்து கடைத்தெரு வரை மட்டும் போய் வரும் காரில் அது தங்கிவிடும். கூடவே புகைக்கரி, எரியாத பெட்ரோல், அமிலங்கள். சூட்டில் ஆக்ஸிஜனும் எண்ணெயைத் தாக்குகிறது. நீண்ட மூலக்கூறுகளும் அரைபட்டு அறுகின்றன. அழுக்கைக் கழுவவும் அமிலத்தை முறிக்கவும் சேர்த்த பொருள்கள் செலவாகி விடுகின்றன. கறுத்த எண்ணெய் கெட்ட எண்ணெய் என்பது மட்டும் சரியன்று; டீசல் காரில் புதிய எண்ணெயும் விரைவிலேயே கறுத்துவிடும். கையேடு சொல்லும் கிலோமீட்டர், அல்லது மாதம், எது முந்தியோ அதுவே கணக்கு. மின்கலத்தில் ஓடும் கார்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. அவற்றில் எஞ்சின் இல்லை.

இனி வேலையைப் பார்ப்போம். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். புதுக்கார் உத்தரவாதக் காலத்தில் இருந்தால் தொடவே வேண்டாம். முதல் விதி ஒன்றே: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, தூக்கிய இடத்தில் இரும்புத் தாங்கிகளை நிறுத்திய பிறகே தலையை உள்ளே விடலாம். செங்கல்லை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் திடீரென நொறுங்கும்.

எஞ்சினை இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி நிறுத்துங்கள். ஏன் என்பதை உங்கள் எஃகுக் குண்டு சொல்லியிருக்கும். மேலே எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்துவிட்டால் காற்று உள்ளே புகும். எண்ணெய் தடையின்றி இறங்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய எண்ணெய் தோலுக்குக் கேடு. அடியிலுள்ள வடிபோல்ட்டைக் கழற்றியதும் எண்ணெய் வளைந்து பாய்ந்து தள்ளி விழும். மட்டம் குறையக் குறையப் பாய்ச்சலின் வேகமும் குறைந்து, தாரை பின்வாங்கி வரும். பதினேழாம் நூற்றாண்டில் டாரிசெல்லி கண்ட விதி இது. விதி தெரியாதவர் வாளியை ஓரிடத்தில் வைத்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டு முடுக்கும்போது பலத்தைக் காட்ட வேண்டாம். கையேட்டில் 35 நியூட்டன்-மீட்டர் என்றிருந்தால், 20 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 175 நியூட்டன், அதாவது சுமார் 18 கிலோ எடையின் விசை போதும். எண்ணெய்த் தொட்டி பல கார்களில் அலுமினியத்தால் ஆனது. மரை போய்விட்டால் செலவு உங்கள் அப்பாவுக்கு.

அடுத்தது எண்ணெய் வடிகட்டி. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாக இவ்வேலையில் இறங்கினேன். ரேனால்ட்ஸ் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் எனக்கு இது எம்மாத்திரம் என்ற எண்ணம். பழைய வடிகட்டியைத் திருகி எடுத்தேன். புதியதன் ரப்பர் வளையத்தில் எண்ணெய் தடவி, கையாலேயே இறுக்கினேன். அளவாக எண்ணெய் ஊற்றி எஞ்சினை இயக்கினேன். முன்பலகையில் எண்ணெய் அழுத்தத்துக்கான சிவப்பு விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும், அணைந்தது. எனக்கு ஒரே பெருமிதம். அதே கணத்தில் விளக்கு மறுபடி எரிந்தது. வாசற்படியில் நின்ற என் மகள், "அப்பா, அடியிலே கொட்டுது!" என்று கத்தினாள். சாவியைத் திருகி அணைத்தேன். சிமெண்டுத் தரையில் குளம் போல் எண்ணெய்.

பழைய வடிகட்டியின் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் மேல் புதிய வளையம் உட்கார்ந்ததும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி, அழுத்தம் ஏறியதும் பிதுங்கிவிட்டன. டவரின் மரக்கட்டையைப் பிதுக்கிய அதே விசை என் ரப்பர் வளையத்தையும் பிதுக்கியது. தச்சுப் பட்டறையிலிருந்து இரண்டு சாக்கு மரத்தூள் வாங்கி வந்து கொட்டித் தரையை மீட்டேன். இன்னும் அரை நிமிடம் ஓட விட்டிருந்தால் எஞ்சினை மீட்டிருக்க முடியாது. ஆகவே பழைய வடிகட்டியைக் கழற்றியதும் அதில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சினின் முகத்தை விரலால் ஒரு சுற்று தடவியும் பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பாருங்கள். மேல்குறியைத் தாண்டி ஊற்றுவதும் தவறே. சுழலும் தண்டு எண்ணெயில் அடித்து நுரையாக்கிவிடும். நுரையிலுள்ள காற்று அமுங்கும். அமுங்கும் பொருளால் சுமை தாங்க முடியாது.

மிஞ்சியது வாளியிலுள்ள பழைய எண்ணெய். எங்கள் ஊரில் அதைக் கரையானுக்கென்று வேலிக்காலில் பூசுவார்கள். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டுவார்கள். நானும் முதல் ஆண்டில் கொல்லைப்புறத்தில்தான் ஊற்றினேன். மறுமழையில் வாய்க்காலில் வானவில் நிறம் மிதந்ததைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட்டேன். மூன்று லிட்டர் எண்ணெய் ஒரு மைக்ரான் தடிமனில் தண்ணீர் மேல் படர்ந்தால் 3,000 சதுர மீட்டர் பரப்பை மூடும். முக்கால் ஏக்கர், ஒரு சிறு குளம். பேரிங்கில் நமக்கு வேண்டியிருந்த அதே மைக்ரான் படலம் குளத்தில் காற்று நீருக்குள் கரைவதைத் தடுக்கிறது. உள்ளே இருக்கும் மீன் என்ன செய்யும்?

பயன்படுத்திய எண்ணெயை 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகள் அபாயக் கழிவாகவே வகைப்படுத்தியுள்ளன. அனுமதி பெற்ற மறுசுழற்சி ஆலைக்குத்தான் அது போய்ச்சேர வேண்டும். அங்கே நீரையும் அழுக்கையும் நீக்கி, குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடித்தால் மூல எண்ணெய் மீண்டும் கிடைக்கிறது. ஏனெனில் கெட்டது எண்ணெயன்று, அதில் சேர்ந்தவைதாம். நான் இப்போது புது எண்ணெய் வந்த டப்பாவிலேயே பழையதை ஊற்றி, மூடியை இறுக்கி, முறையாக ஒப்படைக்கும் ஒரு பணிமனையில் கொடுத்துவிடுகிறேன். பழைய வடிகட்டியை ஓர் இரவு கவிழ்த்து வைத்து வடியவிட்டு அதையும் சேர்த்துத்தான். கிலோமீட்டரையும் தேதியையும் ஓர் அட்டையில் எழுதி முன்மூடியின் உட்புறம் கட்டித் தொங்கவிடுவது என் மகளின் ஏற்பாடு. அதில் முதல் வரியாக, சிவப்பு மையில், "வளையம் பார்த்தாயா?" என்று எழுதி வைத்திருக்கிறாள்.