பெயரும் குத்தகையும்

பெயர் என்பது பொருளைச் சுட்டும் குறி என்பர் இலக்கண நூலார். இடுகுறியாயினும் காரணமாயினும், ஒருவருக்கு இட்ட பெயர் அவர் மறைந்த பின்னரும் அவருக்கே உரியது. இணையத்தில் இடும் ஆள்களப் பெயரோ அத்தகையதன்று. அது விலைக்கு வாங்கிய நிலமன்று, குத்தகை நிலம். படுவான்கரையிற் குத்தகைக்கு வயல் செய்வோர் இதனை எளிதில் உணர்வர்.

இதன் முறையைச் சுருங்கக் கூறுவாம். '.கொம்' முதலிய பொதுப் பெயர்களை ஓராண்டு முதல் பத்தாண்டு வரை பதியலாம். இவற்றுக்கு விதி வகுப்பது 1998இல் அமைந்த 'ஐகான்' என்னும் அமைப்பாகும். தவணை முடிவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் முன்னரும் ஒரு கிழமை முன்னரும், முடிந்தபின் 5 நாளுக்குள்ளும் பதிவாளர் அறிவித்தல் அனுப்புதல் வேண்டும். அதன்பின் சலுகைக் காலம் அளிப்பது பதிவாளரைப் பொறுத்தது. அது 45 நாள் வரை நீளலாம். நீக்கிய பெயருக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அடகு மீட்பதுபோல, அப்பொழுது புதுப்பித்தற் கட்டணத்தோடு மீட்புக் கட்டணமும் சேரும். அதுவும் கழிந்தால் மேலும் 5 நாளிற் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். நல்ல பெயர்களோ அதற்கு முன்னரே ஏலத்திற் போவதும் உண்டு.

விலையிலும் ஒரு நுட்பம் உளது. முதலாண்டுக்குச் சிறுதொகை சொல்லி, மறு ஆண்டு பன்மடங்கு கேட்கும் பதிவாளர் உளர். மூலவிலையும் நிலையானதன்று, 2021 வரை 7.85 டொலராயிருந்த '.கொம்' மொத்தவிலை, 2024இல் 10.26 டொலராயிற்று.

பெருநிறுவனங்களும் தவணை மறந்ததுண்டு. 1999 நத்தார்க் காலத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் 'பாஸ்போட்.கொம்' என்னும் பெயருக்குரிய 35 டொலரைக் கட்டத் தவறியமையால், ஹொட்மெயில் அஞ்சல் பலருக்குத் தடைப்பட்டது. அந்நிறுவனத்தைச் சேராத நிரலாளர் ஒருவரே தம் கைப்பணத்தைக் கட்டி உதவினார்.

நம் வாவிக்கரை இலக்கிய மன்றம் ஒன்றுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. முதியோர் வாய்மொழியாய்த் திரட்டிய வசந்தன் பாடல்களை அது இணையத்தில் ஏற்றியிருந்தது. பெயரைப் பதிந்த இளைஞர் கடல்கடந்து சென்றார். அறிவித்தல்கள் அவர் கைவிட்ட மின்னஞ்சலுக்கே சென்றன. இன்று அப்பெயரைத் தேடும் மாணவர் காண்பது சூதாட்ட விளம்பரம். பாடல் தந்த பாட்டிமாருட் சிலர் இன்று இல்லை.

ஆகவே மன்றத்தாருக்கு நான் சொல்வன இவை: பெயரைத் தனியொருவர் பேரிலன்றி மன்றத்தின் பேரிற் பதிக. அறிவித்தல் இருவருக்கேனும் வருமாறு செய்க. முதலாண்டு விலையைவிடப் புதுப்பித்தல் விலையையே முதலிற் கேட்டறிக. சில ஆண்டுக்குரிய பணத்தை ஒருமிக்கச் செலுத்துக. உள்ளடக்கத்தின் படியொன்றை, 2005 முதல் ஈழத்து எழுத்துக்களைத் தொகுத்துவரும் நூலகம் நிறுவனத்துக்கும் வழங்குக. 2010 முதல் '.இலங்கை' என்று தமிழிலேயே பெயர் பதியும் வாய்ப்பும் நமக்கு உண்டு. அதற்கும் தவணை உண்டென்பதை மறவற்க.

அன்று ஏட்டைக் கறையான் அரித்தது. தவணைத் திகதி ஓசையின்றி அவ்வேலையைச் செய்கிறது. செயலாளர்கள் அத்திகதியை இன்றே குறிப்பேட்டில் எழுதி வைப்பாராக.