இடம்பெயரும் தொழிலாளர் குழந்தைகளின் மனவளர்ச்சி

குழந்தை வளர்ச்சி என்றதும் எடை, உயரம், தடுப்பூசி ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. இவை அளக்கத்தக்கவை. மனவளர்ச்சி எளிதில் அளவுக்கு உட்படாதது. ஆதலால் திட்டங்களில் அது பின்னுக்குத் தள்ளப்படுகிறது. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் செல்வோரின் குழந்தைகளிடம் இதன் விளைவைத் தெளிவாகக் காணலாம்.

கரும்பு வெட்டும் பருவம்

மகாராஷ்டிரத்தின் மராத்வாடாப் பகுதியில், குறிப்பாக பீட் மாவட்டத்தில், மழை குன்றிய நிலத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்கு மகாராஷ்டிரத்துக்குக் கரும்பு வெட்டச் செல்கின்றன. அவை ஊர் திரும்ப மார்ச் அல்லது ஏப்ரல் ஆகிவிடும். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு 'கொய்தா', அதாவது ஓர் அரிவாள், எனக் கணக்கிடப்பட்டு முன்பணம் பெறுகின்றனர். எனவே தாய் வேலைக்குச் செல்லாமல் இருக்க இயலாது. விடியுமுன் அவள் வயலுக்குச் சென்றதும் கைக்குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் சிறு வயது அக்காளின் மீது விழுகிறது. ஊரில் விடப்படும் பிள்ளைகளோ மாதக்கணக்கில் பெற்றோரைப் பிரிந்திருக்கின்றனர்.

நிலைத்த உறவின் தேவை

தாயுடனோ, தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவருடனோ அன்பும் தொடர்ச்சியும் உள்ள உறவு சிறு குழந்தையின் மனநலத்துக்கு இன்றியமையாதது என்று, உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதி 1951இல் வெளிவந்த அறிக்கை எடுத்துரைத்தது. அடிக்கடி இடம்பெயரும்போது பழகிய முகம், பழகிய பேச்சு, அன்றாட ஒழுங்கு ஆகிய மூன்றும் ஒருங்கே கலைகின்றன. அவற்றை இழந்த குழந்தை வாய்பேசாது ஒதுங்கலாம். அல்லது சிறு காரணத்துக்கும் சீறி அழலாம். இதனை மந்தபுத்தி என்றோ முரட்டுத்தனம் என்றோ கொள்வது தவறு.

காப்பகத்தின் பணி

1969இல் மீரா மகாதேவன் தில்லியில் கட்டடப் பணியிடமொன்றில் தொடங்கிய நடமாடும் காப்பகம் ஒரு நல்ல முன்மாதிரி. குழந்தை காப்பகத்துக்கு வரும்வரை காத்திராமல், பெற்றோர் உழைக்கும் இடத்துக்கே காப்பகம் சென்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்யும் கட்டடப் பணியிடங்களில், அவர்களது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறை ஒதுக்கவேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆயினும் அறை மட்டும் குழந்தைக்கு ஆறுதல் தராது. நாள்தோறும் அதே பணியாளர் வரவேற்பது, குழந்தையின் மொழியில் பேசுவது, உணவும் உறக்கமும் விளையாட்டும் உரிய நேரத்தில் நடப்பது, பாலூட்டத் தாய்க்கு இடைவேளை கிடைப்பது ஆகியவையே அறையைக் காப்பகமாக்குகின்றன. தம்பி தங்கையர் இங்கு இருப்பின் அக்காளும் பள்ளிக்குச் செல்ல இயலும்.

அலுவலர்கள் கவனத்துக்கு

குடும்பங்கள் புறப்படுமுன்பே குழந்தைகளைக் கணக்கெடுத்தல் வேண்டும். ஊர் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் உள்ள குறிப்புகள் குழந்தையுடன் செல்லவேண்டும். அவற்றில் எடையுடன், குழந்தை பேசும் மொழி, அதன் அச்சம், அது நாடும் உறவினர் ஆகியவையும் இடம்பெறலாம். இயன்றவரை இடம்பெயரும் சமூகத்துப் பெண்களையே பயிற்சியளித்துப் பணியாளராக்கினால், பருவம் முழுவதும் ஒரே முகம் குழந்தையின் முன் நிற்கும். ஊரில் தங்கும் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதியில் உணவும் பாடமும் தருவதுடன், பெற்றோருடன் வாரந்தோறும் தொலைபேசியில் பேசவும் வகைசெய்தல் நலம்.

இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. காப்பகங்களை ஆய்வு செய்யும் அலுவலர், எத்தனை குழந்தைகள் பதிவாகியுள்ளனர் என்று கேட்பதோடு, ஒவ்வொரு குழந்தையும் அழும்போது யாரை நாடிச் செல்கிறது என்றும் கேட்கட்டும். விடை கிடைக்காத இடத்தில் பணி இன்னும் தொடங்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.