நெடுந்தீவுக் குதிரைகளும் அவற்றின் ஆண் பெண் குணபேதமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள தீவுகளுள் குதிரைகள் கட்டாக்காலியாக மேய்வது நெடுந்தீவில் மாத்திரமே. குறிகட்டுவான் துறையில் வள்ளமேறி அங்கே செல்வோர், தீவின் தென்பாகத்து வெளிகளில் அவை கூட்டங்கூட்டமாய் நிற்பதைக் காணலாம். மாடுகள் மிகுதியாக இருந்தமையாற் போர்த்துக்கேயர் இத்தீவைப் பசுத்தீவு என்றழைத்தனர். குதிரைகளை முதலிற் கொணர்ந்தவர் அவர்களே என்பது வழக்கு. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இங்கே குதிரை வளர்த்தனர்; அவர்களுடைய லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அப்பண்ணையை மேற்பார்த்தார். பின்னர் பண்ணை ஒழிந்தது. குதிரைகள் வெளியிலேயே பெருகின.

மனிதன் கை படாத இக்கூட்டங்களை நோக்கினால் ஆண், பெண் குணபேதம் நன்கு விளங்கும். கூட்டமொன்றில் பொதுவாக வளர்ந்த ஆண்குதிரை ஒன்றும், பெட்டைகள் சிலவும், குட்டிகளும் இருக்கும். ஆண்குதிரையே தலைமை தாங்குகின்றது எனப் பலர் எண்ணுவர். ஆனால் தண்ணீரை நாடி முன்செல்வது பெரும்பாலும் முதிர்ந்த பெட்டையே. ஆண் பின்னே நின்று காவல் செய்யும். வேற்று ஆண் நெருங்கினால் எதிர்த்துக் கடிக்கும், உதைக்கும். இரண்டு மூன்று வயதடைந்த ஆண்குட்டிகள் கூட்டத்தை விட்டு நீங்கித் தமக்குள் ஒரு குழுவாய்த் திரியும்.

இக்காவற் குணமே சவாரிக்கு இடையூறாகின்றது. பெட்டையின் வாடை வீசியதும் ஆண்குதிரையின் கவனம் ஏறியிருப்பவனை விட்டு அகலும். பழக்கமுள்ளவன் கையில் அது வீரியமும் கம்பீரமும் உடைய வாகனமே. பழகாதவன் அதன்மீது ஏறுதல் ஆபத்தாகும். நாம்பனை அப்படியே வண்டிலிற் பூட்டாது நலமடித்த எருதைப் பூட்டும் கமக்காரருக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பெட்டைக் குதிரையைப் பற்றியே தவறான எண்ணங்கள் மிகுதி. அது முன்கோபமுடையது, இன்று ஒரு குணம் நாளை ஒரு குணம் என்பர். பெட்டைக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை வந்து, ஐந்து முதல் ஏழு நாட்கள் நிற்கும். அந்நாட்களிற் சில பெட்டைகள் அடிக்கடி சிறுநீர் கழிக்கும், வாலை உயர்த்தும், விலாவைத் தொட்டாற் சீறும். வேறு சில யாதொரு மாற்றமும் காட்டா. அரேபியப் பாலைவனத்து பெதுவீனர் போருக்குப் பெட்டையையே விரும்பினர். இரவில் எதிரியின் குதிரையைக் கண்டு ஆண் கனைத்துக் காட்டிக்கொடுக்கும், பெட்டை வாய் திறவாது என்பது அவர்கள் சொன்ன நியாயம்.

சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2020 இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு குறிப்பிடத்தக்கது. குதிரை வைத்திருப்போர் தந்த விவரங்களை ஒப்பிட்டபோது, சவாரியின்கண் பெட்டைக்கும் நலமடித்த குதிரைக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பிடிக்கச் செல்லும்போது விலகிப்போவது பெட்டையில் அதிகம். கயிற்றையும் போர்வையையும் மெல்லுவது நலமடித்ததில் அதிகம். வேறுபாடு அவ்வளவே. ஆகவே பெட்டையொன்று சேணம் பூட்டுகையில் முரண்டு பிடித்தால், அதைப் பெண்குணம் என்று தள்ளிவிடாது முதலில் முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும். சேணம் அழுத்திய புண், பல்லின் கூர்முனை, குளம்பின் நோவு ஆகியவற்றுள் ஒன்று இருத்தல் கூடும். நோவினாற் சீறும் விலங்கை அடித்தால் நோவு நீங்காது. அடித்தவனுக்கு உதை கிடைப்பதே மிச்சம்.

புதிதாய்ச் சவாரி பழகுவோருக்கு நலமடித்த குதிரையே முதற்கண் ஏற்றது. சாந்தமான பெட்டையும் அதற்குக் குறைந்ததன்று. ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையே நலமடிப்பது வழக்கம். காலந்தாழ்த்தினால், பழகிப்போன ஆண்குணம் சிலவற்றில் நீங்காது நின்றுவிடும். இதனை மிருக வைத்தியரே செய்தல் வேண்டும். தசைகள் விறைத்து மரணம் விளைக்கும் ஏற்புவலி குதிரையை எளிதிற் பற்றும் நோயாதலின், அதற்குரிய தடுப்பூசியைத் தவறவிடலாகாது. நலமடித்த பின்னரும் சில வாரங்கள் வரை அது பெட்டையைச் சினைப்படுத்தக் கூடும். அதுவரை வேறாய்க் கட்டுக.

நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகளைப் பிடித்துப் பழக்க எவரும் முயலலாகாது. தீவின் ஒரு பகுதி 2015 இல் தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அங்குள்ள விலங்குகளைப் பிடித்தல் சட்டப்படி குற்றமாகும். குதிரைகள் தோட்டத்துட் புகுந்தால், கல்வேலியின் படலையை அகலத் திறந்துவிட்டு ஒரு பக்கமாக நின்று மெல்லத் துரத்துக. முதிர்ந்த பெட்டை வெளியேறினால் ஏனையவை அதன்பின் செல்லும். பெட்டைக்கும் அதன் குட்டிக்கும் நடுவே புகுதல் கூடாது; பின்னால் நிற்கும் ஆணின் வழியையும் மறித்தல் கூடாது.

மழை பொய்த்த காலங்களில் நீரின்றிக் குதிரைகள் மடிந்ததுண்டு. பால் கொடுக்கும் பெட்டைக்கு ஏனையவற்றிலும் மிகுதியான தண்ணீர் வேண்டும். ஆயினும் தொட்டி ஒன்றே இருப்பின் வலியவை முன்னின்று குடிக்க, மெலிந்த பெட்டையும் குட்டியும் தள்ளியே நிற்கும். ஆதலால் வரட்சிக்காலத்தில் தண்ணீர் வைப்போர் ஒரு பெரிய தொட்டிக்குப் பதிலாகச் சிறு தொட்டிகள் இரண்டு மூன்றை ஒன்றுக்கொன்று தூரமாக, நாற்புறமும் வெளியான இடத்தில் வைப்பாராக.