நாரையும் நெல் வேரும்



செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அண்மையில், வேடந்தாங்கல் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் மழை பெய்து ஏரி நிரம்பியதும், நீரிடையே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து குடியேறும். நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், வக்கா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா எனப் பல இனங்கள் அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. வேடரின் பெயரால் வழங்கும் அவ்வூரில் வேட்டைக்கு மட்டும் இடமில்லை என்பது சுவையான செய்தி.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்கமாட்டாமல் முறையிட்டுக் கொண்டனர். அப்போது கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை 1798ஆம் ஆண்டில் ஊராருக்கு அளித்தார். 1858இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அவ்வேரி பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் இடம் பெற்றது.

ஏழை உழவர்கள் ஏன் பறவைகளுக்காக வாதாடினர்? அவர்கள் கூறும் விடை எளியது. “பறவை எச்சம் கலந்த ஏரி நீரே எங்கள் வயலுக்கு எரு” என்பதே அது. இவ்விடை முற்றிலும் உண்மை. ஆனால் எச்சம் எவ்வாறு எருவாகிறது என்பதை ஆராயுமிடத்து, நம் கண்ணுக்குப் புலனாகாத வேறோர் உலகம் நமக்குத் திறக்கிறது.

பறவையின் எச்சத்தில் வெண்மையாகத் தோன்றும் பகுதி பெரும்பாலும் யூரிக் அமிலமாகும். தழைச்சத்தாகிய நைட்ரஜன் அதில் நிறைய உண்டு. எனினும் அது நீரில் எளிதில் கரைவதில்லை. நெல்லின் வேர் அதனை அப்படியே பயன்படுத்திக் கொள்ளுதல் அரிது. சமைக்காத அரிசியைக் குழந்தையின் முன் வைத்தாற்போன்ற நிலை அது. அதனைச் சமைத்துத் தருவோர் ஏரிச் சேற்றிலும் வயல் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்களே. அவற்றுள் சில யூரிக் அமிலத்தைச் சிதைத்து யூரியா ஆக்குகின்றன; யூரியாவைப் பின்னர் அம்மோனியா ஆக்குகின்றன. அந்த அம்மோனியா உப்பையே நெல் விரும்பி உறிஞ்சுகிறது. மதகு திறந்து கால்வாய் வழியே பாயும் நீரில் வயலுக்குச் செல்வது எச்சம் மட்டுமன்று; இந்தச் சமையலின் பயனும் உடன் செல்கிறது.

வளமான மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதற்குள் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். அவை எங்கும் ஒரே அளவாகப் பரவியிருப்பதில்லை. வேரை ஒட்டிய மண்ணிலேயே மிகுதியாகக் கூடி வாழ்கின்றன. இலைகள் கதிரொளியால் ஆக்கிய உணவில் ஒரு பகுதியை, சர்க்கரையாகவும் கரிம அமிலங்களாகவும், வேர்கள் மண்ணில் கசியவிடுகின்றன. அக்கசிவே நுண்ணுயிர்களுக்குக் கூலி. வேரைச் சூழ்ந்த இந்தச் செழிப்பான மண் பகுதிக்கு ஜெர்மானிய அறிஞர் லோரன்ஸ் ஹில்ட்னர் 1904இல் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். ‘வேர்ச்சூழ் மண்டலம்’ என்று நாம் அதனைக் கூறலாம்.

இனி, வேடந்தாங்கல் வயலில் ஒரு நெற்பயிரைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். வேரின்மேல் துருப்பிடித்தாற்போல் செம்பழுப்பு நிறம் படிந்திருக்கும். அஃது உண்மையிலேயே இரும்புத் துருவுக்கு இனமானதுதான். நீர் தேங்கிய சேற்றில் காற்று இல்லை. ஆயினும் நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் உள. அவற்றின் வழியே இறங்கும் பிராணவாயுவில் சிறிது வேரிலிருந்து வெளியே கசிகிறது. சேற்றில் கரைந்துள்ள இரும்பு அதனோடு சேர்ந்து வேரின்மேல் படிகிறது. அந்த மெல்லிய வட்டத்திற்குள் காற்றை விரும்பும் பாக்டீரியாக்கள் வாழ்ந்து, அம்மோனியாவில் ஒரு பங்கை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. சில மில்லிமீட்டர் தள்ளிக் காற்றற்ற சேற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்களோ, அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வானுக்கு விட்டுவிடுகின்றன. ஒரு வேரடியில் ஆக்கமும் இழப்பும் அருகருகே நடப்பதைக் காண்கிறோம். ஆகையால், உரத்தை அளவின்றி இட்டால் அவ்வளவும் பயிருக்குச் சேரும் என்று எண்ணுவது தவறு.

நெல் அறுவடைக்குப் பின் உளுந்தோ பச்சைப்பயறோ விதைப்பது நம் நாட்டு வழக்கம். அவற்றின் வேரில் சிறு முடிச்சுகள் காணப்படும். அம்முடிச்சுகளின் துணையால் பயறு வகைகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெறுகின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் 1886இல் எடுத்துக் காட்டினார். முடிச்சினுள் வாழும் பாக்டீரியாவை 1888இல் ஹாலந்து நாட்டு அறிஞர் பெய்யரிங்க் பிரித்தெடுத்தார். உழைக்கும் முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இரத்தம்போல் சிவந்திருக்கும். ஏரியில் பறவைகளைத் தாங்கும் கருவேல மரத்தின் வேரிலும் இத்தகைய முடிச்சுகள் தோன்றுவதுண்டு. காய்க்கும் மரமெல்லாம் அப்படியென்று கொள்ள வேண்டா. அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த புளிக்கும் சரக்கொன்றைக்கும் முடிச்சு இல்லை.

நீங்களே செய்து பார்க்கத்தக்க சோதனை ஒன்று கூறுகிறேன். இரண்டு தொட்டிகளில் ஒரே வயல் மண்ணை இட்டுப் பச்சைப்பயறு விதையுங்கள். ஒன்றில் மட்டும் சிறிதளவு யூரியாவை நீரில் கரைத்து வாரந்தோறும் ஊற்றுங்கள். ஐந்து வாரம் கழிந்ததும் செடிகளை மெல்ல எடுத்துக் கழுவி முடிச்சுகளை எண்ணுங்கள். யூரியா பெற்ற செடியில் பெரும்பாலும் முடிச்சுகள் குறைந்திருக்கும். கடையில் சோறு மலிவாகக் கிடைத்தால் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் அன்றோ? செடியும் அவ்வாறே தன் துணைவர்களுக்குக் கூலி கொடுப்பதைக் குறைத்துக் கொள்கிறது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? வேடந்தாங்கல் பறவைகள் அவ்வேரியில் மட்டும் இரை தேடுவதில்லை. சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் நத்தையும் மீனும் உண்டு, அவ்விடங்களின் சத்தை இங்கே கொண்டுவந்து சேர்க்கின்றன. அவ்வயல்களில் நஞ்சு தெளித்தால் நத்தையும் மீனும் குறையும். பறவை வேறிடம் நாடும். மண்ணில் நஞ்சு மிகுந்தால் எச்சத்தைச் சமைத்துத் தரும் நுண்ணுயிர்களும் நலியும். எனவே, ஏரிக்கரையோடு வேலி போட்டுப் பறவைகளைக் காத்துவிட்டோம் என்று அமைதி கொள்ள இயலாது. அக்காலத்து உழவர்கள் நுண்ணுயிர் என்ற சொல்லைக் கேட்டதில்லை. எனினும் தாம் கண்ட பயனைக்கொண்டு சங்கிலியின் ஒரு முனையைக் காத்தனர். அதன் மற்றக் கண்ணிகளையும் அறிந்துள்ள நமக்குப் பொறுப்பு இன்னும் பெரிது.

மாரிக்காலத்தில் நீங்கள் வேடந்தாங்கல் செல்வீர்களாயின், மரக்கிளைகளை நோக்கி மகிழுங்கள். திரும்பும் வழியில் ஏதேனும் ஒரு வயல் வரப்பில் சற்று நின்று, உழவரின் அனுமதி பெற்று, ஒரு நெற்பயிரின் வேரையும் பாருங்கள். அந்தச் செம்பழுப்பு நிறத்தைக் கண்ட பின்னரே உங்கள் பயணம் நிறைவு பெறும்.