கிரெனோபிளின் கொல்லைப்புற வாசல்

கொடைக்கானல் மலையில் இருக்கும் கூக்காலுக்கு வந்து இறங்கி இன்னும் முழுசாக ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார இடமில்லை. பூண்டு ஆய்ந்துகொண்டிருந்த சித்தி, ஏரிப்பக்கமிருந்து மாட்டை ஓட்டிவந்த பெரியப்பா, பிளஸ் டூ எழுதி முடித்த மூன்று பிள்ளைகள், நடுவில் வெற்றிலை மடித்தபடி அப்பத்தா.

"அங்க அப்பிடி என்னதான் தாயி இருக்கு?"

எல்லாரும் ஈபிள் கோபுரத்தை எதிர்பார்க்கிறார்கள். நான் படிப்பது பாரிஸில் இல்லை. ஆல்ப்ஸ் மலைக்கு நடுவே இருக்கும் கிரெனோபிளில். பல்கலைக்கழக விளம்பரப் படங்களில் வராத கிரெனோபிளைக் காட்டத்தான் நான் துடித்துக்கொண்டிருக்கிறேன். வாங்க, கொல்லைப்புற வாசல் வழியாகவே போகலாம்!

முதல் ஆச்சரியம்: எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை. ஒரு பக்கம் சார்த்ரூஸ், ஒரு பக்கம் வெர்கோர், கிழக்கே பனித்தலையோடு பெல்தோன். ஆனால் ஊர் மட்டும் தட்டையாக, கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர் சொச்சத்தில் கிடக்கிறது. குளிருக்குப் பயந்து கம்பளியாக மூட்டை கட்டிப் போனவளுக்கு ஜூலையில் பழனி அடிவாரத்து வெயில்! தட்டை ஊர் என்பதால் எல்லாரும் சைக்கிள். டிராமும் உண்டு. 1987இலேயே சக்கர நாற்காலி நேராக ஏறும்படி தாழ்தளத்தோடு ஓடத் தொடங்கிய டிராம் அது. தடியூன்றிய பாட்டிமார் யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், பூம்பாறை வளைவுகளில் பஸ் படியில் தடுமாறும் அப்பத்தாவை நினைத்துக்கொள்வேன்.

பல்கலைக்கழகம் 1339இல் தொடங்கியது. தொடங்கியவர் அந்தச் சீமையை ஆண்ட இரண்டாம் உம்பேர். பத்தே வருஷத்தில் சீமையையே பிரெஞ்சு அரசருக்கு விற்றுவிட்டார். நடுவில் பல்கலைக்கழகம் இடம் மாறியது, புரட்சிக் காலத்தில் மூடப்பட்டது, திரும்பத் திறந்தது. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அந்த ஊர் ராசியானது என்று நான் சொல்லக் காரணம் ஒருவர். 1801இல் அண்ணனை நம்பி வந்து சேர்ந்த பத்து வயதுப் பையன், இருபது வயது ஆகும் முன்பே அங்கே வரலாறு கற்பித்தான், 1822இல் எகிப்தியச் சித்திர எழுத்தைப் படித்துக் காட்டினான். ஷாம்போலியோன்! அவர் நடந்த தெருக்களில் நான் ரொட்டி வாங்கப் போகிறேன் என்பதே எனக்குப் புல்லரிப்பு.

ரொட்டிக் கடை வாசலில் முதலில் "போன்ஜூர்" சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் விலை கேட்டால் முகம் இறுகிவிடும். சொல்லிவிட்டால் கடைக்காரம்மா நம்ம ஊர் அக்காதான்.

இப்போது வகுப்பறைக்குள். என் முதல் தாளுக்கு 20க்கு 14 வந்தது. எழுபது சதவீதமா என்று நெஞ்சு அடைத்து நின்றேன். பக்கத்துப் பெண்ணோ என்னைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறாள். அங்கே 10 எடுத்தால் தேர்ச்சி. 14க்கு "பியான்", அதாவது நன்று. 16க்கு "த்ரே பியான்", மிக நன்று. 20 என்பது பெரும்பாலும் கண்ணில் படாத எண். வியாழன் மதியம் எங்களுக்கு வகுப்பே கிடையாது, அது விளையாட்டுக்கு. பனிக்காலத்தில் மாணவர்கள் சறுக்குக் கட்டைகளோடு பஸ் ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். மதியச் சாப்பாடு மாணவர் உணவகத்தில். நான் சேர்ந்த வருஷம் ஒரு தட்டு 3 யூரோ 30 சென்ட், அரசு உதவித்தொகை வாங்கும் பிள்ளைகளுக்கு 1 யூரோ.

பிளஸ் டூ பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது இதைத்தான்: எவ்வளவு செலவு? 2019இல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு இளநிலைக்கு ஆண்டுக்கு 2,770 யூரோ, முதுநிலைக்கு 3,770 யூரோ என்று கட்டணத்தை உயர்த்தினார்கள். அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. சில பல்கலைக்கழகங்கள் அதில் விலக்கு தருவதுண்டு, கேட்டுப் பார்க்க வேண்டும். நோபல் பெற்ற இயற்பியலாளர் ஷார்பாக் பெயரில் இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை இருக்கிறது. வருஷத்துக்கு 964 மணி நேரம் வேலை பார்க்கலாம். முதுநிலையில் ஆங்கிலத்தில் நடக்கும் படிப்புகள் நிறைய. இளநிலை பெரும்பாலும் பிரெஞ்சில்தான். அதனால் மொழியை இப்போதே தொடங்குங்கள், இன்றைக்கே!

சரி, நான் காட்டத் துடித்த இடத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

கிரெனோபிளிலிருந்து மலைப்பாதையில் ஏறினால் லோத்தாரே கணவாய். அங்கே எங்கள் பல்கலைக்கழகத்தின் ஆல்பைன் தோட்டம், 1899இல் தொடங்கியது. உயரம் 2,100 மீட்டர், அதாவது நம்ம கொடைக்கானல் டவுனின் உயரமேதான்! ஆனால் வருஷத்தில் பாதி நாள் பனிக்கு அடியில் கிடக்கும். ஜூன் தொடங்கி கோடை முடியும் வரைதான் பொதுமக்களுக்குத் திறப்பு. எதிரே கிட்டத்தட்ட 4,000 மீட்டர் உயர லா மேஜ் சிகரம் பனியாறுகளோடு நிற்கிறது. உலகத்து மலைகளின் செடிகள் சுமார் 2,000 வகை. இமயத்து நீலக் கசகசாப் பூவை நான் வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தது பிரான்ஸில்!

சுற்றுலா வருபவர்கள் பூவைப் பார்த்துவிட்டுப் போவார்கள். எங்களுக்குத் திறப்பது உள்ளறை. சேகரித்த விதைகளைக் காயவைத்து, சலித்து, சின்னச் சின்னக் காகித உறைகளில் போட்டு, பெயரும் எடுத்த இடமும் எழுதி, உலகத்தின் மற்ற தாவரவியல் தோட்டங்களோடு பரிமாறிக்கொள்கிறார்கள். அப்பத்தா அடுத்த போகத்துக்கு விதைப்பூண்டைப் பரண்மேல் கட்டித் தொங்கவிடும் அதே கவனம். அதைவிடப் பெரிய விஷயம் 2016இல் நடந்தது: மேலே இருக்கும் புல்வெளியைப் பாளம் பாளமாக வெட்டி, ஹெலிகாப்டரில் தூக்கிவந்து, கீழே வெப்பம் கூடிய இடத்தில் பதித்தார்கள். பூமி சூடானால் இந்தப் புல் என்ன ஆகும் என்று இப்போதே பார்த்துவிடத்தான். புல்லுக்கு ஹெலிகாப்டர்!

அதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்ம பழனி மலைத்தொடரில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வாட்டிலும் பைனும் யூக்கலிப்டஸும் பரவி, சோலையோடு ஒட்டிக்கிடந்த புல்லை மூடிவிட்டன. ஆற்றுக்குத் தண்ணீரைத் தேக்கித் தேக்கி விட்டது அந்தப் புல். குறிஞ்சி பூத்ததும் அங்கேதான். அடுத்த பூப்பு 2030. நான் படிக்கப் போனது அந்தப் புல்லுக்காகத்தான் என்று திண்ணையில் சொன்னபோது பெரியப்பா தலையாட்டினார். தான் சின்னப் பையனாக மாடு மேய்த்த புல்மேடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்தேன்.

இரண்டு மலைக்கும் உறவும் பழசு. கொடைக்கானல் சலேத் மாதா கோவில் தெரியுமில்லையா? அந்த லா சலேத், கிரெனோபிளுக்குத் தெற்கே இருக்கும் மலை. 1846இல் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகள் மாதாவைக் கண்டதாகச் சொன்ன இடம். பின்னாளில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் அந்தப் பெயரை நம்ம மலைக்குக் கொண்டுவந்தார்கள். செண்பகனூரில் இருந்துகொண்டு இந்த மலையின் பாசிகளை வகைப்படுத்திய ஃபொரோவும், கற்திட்டைகளை அளந்து எழுதிய ஆங்கிலாதும் அப்படி வந்தவர்கள்தான். அவர்கள் நம்ம மலையைப் படிக்க வந்தார்கள். நான் அவர்கள் மலையைப் படிக்கப் போயிருக்கிறேன்!

பேச்சு சாப்பாட்டில் வந்து நின்றது. கிரெனோபிள் சீமைக்குப் பேர் வாங்கித் தந்த பண்டம் உருளைக்கிழங்குதான் என்றதும் சித்தி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். கிராத்தேன் தொஃபினுவா: மெல்லிய வில்லைகளாக அரிந்த உருளை, பால், ஆடை, உப்பு, மிளகு. முதலில் சட்டி முழுக்கப் பச்சைப் பூண்டைத் தேய்க்க வேண்டும். பேர் வாங்கியது உருளை மட்டுமில்லை: கிரெனோபிள் அக்ரூட் கொட்டைக்கு 1938இலேயே ஊர்ப்பெயர் முத்திரை கிடைத்துவிட்டது. நம்ம மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு 2019இல். பச்சைப் பூண்டைத் தாவர நலச் சான்றில்லாமல் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகவிட மாட்டார்கள். தொக்காக்கித்தான் பெட்டியில் வைக்கிறேன். அதனால் நம்ம பூண்டு, நம்ம உருளை, நம்ம பால் மூன்றும் ஒரே சட்டியில் சேர இந்த அடுப்படியை விட்டால் வேறு இடமே கிடையாது.

ஓவன் இல்லை. மண்சட்டியை மூடி, மேலே கங்கு அள்ளிப் போட்டு ஒரு மணி நேரம். திறந்ததும் மேலே பொன்னிறமாக ஏடு கட்டியிருந்தது; வாசம் திண்ணை வரைக்கும் போனது. அப்பத்தா ஒரு வாய் எடுத்தார், கண்ணை மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. பூண்டைத் தேச்சிட்டு ஏன் வெளிய எடுத்த? உள்ள போடுன்னு அவுககிட்டச் சொல்லு."