வடசென்னைத் தொழிற்பகுதியில் நாள்பட்ட தூக்கமின்மையும் உறக்க மருந்துகளின் இடர்மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

நாள்பட்ட தூக்கமின்மைக்கு உறக்க மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வதன் இடர்களை, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளின் வாழ்நிலையோடு பொருத்தி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரே மருந்தின் இடர் எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. உட்கொள்பவர் எந்நேரத்தில் விழிக்க வேண்டியவர், விழித்தபின் என்ன தொழில் செய்பவர், எத்தகைய சூழலில் உறங்குபவர் என்பவற்றைப் பொறுத்து அது கூடவும் குறையவும் செய்கிறது என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தூக்கமின்மை, உறக்க மருந்து, முறைப்பணி, அரைவாழ்வுக் காலம், வடசென்னை.

முன்னுரை

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக நீளும் பகுதி, தமிழகத்தின் தொழில் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டிப் பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து தொடங்கியது. 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 2001இல் இன்று காமராசர் துறைமுகம் எனப்படும் எண்ணூர்த் துறைமுகமும் செயல்படத் தொடங்கின. ஆலைகள் மூன்று முறைகளில் இயங்குகின்றன. சரக்குப்பெட்டக லாரிகள் இரவு முழுதும் துறைமுக வாயிலை நோக்கி நகர்கின்றன. காசிமேட்டில் விடியுமுன்னரே மீன் ஏலம் தொடங்கிவிடுகிறது. இரவில் உழைத்துப் பகலில் உறங்குவதோ, பின்னிரவில் எழுவதோ இங்குப் பல குடும்பங்களின் அன்றாட வழக்கம். உறக்க மருந்துகளைப் பற்றிய மருத்துவ அறிவுரைகளோ, இரவில் உறங்கிக் காலையில் எழும் ஒருவரைப் பெரும்பாலும் மனத்திற்கொண்டே எழுதப்பட்டுள்ளன. இவ்விடைவெளியை முன்னிறுத்தி மருந்தின் நன்மை தீமைகளை எடைபோடுவது தேவையாகிறது.

தூக்கமின்மை: வரையறையும் வேறுபாடும்

படுத்தவுடன் உறக்கம் வராமை, இடையில் விழித்துக்கொள்ளல், விடியுமுன் விழித்து மீண்டும் உறங்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்றேனும் வாரத்தில் குறைந்தது 3 இரவுகள் என்ற அளவில் 3 மாதங்கள் நீடித்து, பகற்பொழுதின் செயல்பாட்டையும் பாதிக்குமாயின் அது நாள்பட்ட தூக்கமின்மை எனப்படும். உறங்குவதற்குப் போதிய வாய்ப்பு இருந்தும் உறக்கம் வராமை என்பது இவ்வரையறையின் இன்றியமையாக் கூறாகும்.

இக்கூறு வடசென்னையில் தனிக்கவனம் பெறவேண்டியது. இரவுப்பணி முடித்து, வெயில் ஏறிய பின்னர் ஓசை மிகுந்த தெருவில் உள்ள ஒற்றையறை வீட்டில் உறங்க முயல்பவரிடம் குறைவது உறங்கும் ஆற்றலன்று, உறங்கும் வாய்ப்பே. அவருடைய உடற்கடிகாரமும் பகலை விழிப்பு நேரமாகவே கணிக்கிறது. இதனை முறைப்பணி உறக்கக் கோளாறு என மருத்துவம் தனியே வகைப்படுத்துகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபலும், பகலில் 55 டெசிபலும் வரம்பாக விதிக்கின்றன. அதாவது சட்டமும் இரவில் உறங்குபவரையே கருதுகிறது. பகலில் உறங்குபவருக்கு அத்தகைய காப்பு இல்லை.

மூச்சுத்தடையோடு கூடிய குறட்டை, இளைப்பு நோய், மனச்சோர்வு, மதுப்பழக்கம் ஆகியவையும் தூக்கமின்மையாகவே முதலில் வெளிப்படலாம். காரணம் ஆராயப்படாமல் மாத்திரை தரப்படும்போது, அடிப்படை நோய் மறைந்து நிற்க அதன் அறிகுறி மட்டும் தணிக்கப்படுகிறது.

மருந்து தருவது எத்தகைய உறக்கம்?

‘தூக்க மாத்திரை’ என்னும் வழக்குச்சொல், மாத்திரை தருவது இயல்பான தூக்கமே என்ற எண்ணத்தை ஏற்படுத்துகிறது. தமிழில் உறக்கமும் மயக்கமும் வெவ்வேறு சொற்கள். அவை குறிக்கும் நிலைகளும் வேறு. டயசிபாம், நைட்ரசிபாம், அல்ப்ரசோலம் போன்ற பென்சோடையசிபைன் வகை மருந்துகளும், சோல்பிடெம், சோபிக்ளோன் போன்ற பிற்கால மருந்துகளும் மூளையின் ‘காபா’ என்னும் தடுப்பு வேதிப்பொருளின் செயலை மிகுவித்து நரம்புகளின் விழிப்பைத் தணிக்கின்றன. பென்சோடையசிபைன்கள் உறக்க நேரத்தை நீட்டினும் அதன் ஆழ்நிலைப் பகுதியைக் குறைக்கின்றன. எனவே கடிகாரக் கணக்கில் கூடும் உறக்கம், ஓய்வுக் கணக்கில் அதே அளவு கூடுவதில்லை.

நன்மையின் அளவு

பிரித்தானிய மருத்துவ இதழில் 2012இல் வெளிவந்த தொகுப்பாய்வு, சோல்பிடெம் போன்ற மருந்துகள் போலி மாத்திரையைவிட ஏறத்தாழ 22 நிமிடங்கள் முன்னதாக உறங்கச் செய்கின்றன எனக் கண்டது. அதே இதழில் 2005இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு 60 வயதைக் கடந்தோரைப் பற்றியது. அவர்களுள் 13 பேருக்கு மருந்து தந்தால் ஒருவர் உறக்கத்தின் தரத்தில் பயன்பெறுகிறார் என்றும், 6 பேருக்குத் தந்தால் ஒருவர் தீங்குறுகிறார் என்றும் அது கணக்கிட்டது.

இரவுப்பணியாளரைப் பொறுத்தவரை சான்று இன்னும் மெலிந்தது. முறைப்பணியாளர்களுக்கான மருந்துகள் குறித்துக் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட திறனாய்வில், மெலட்டோனின் பகலுறக்கத்தை ஏறத்தாழ 24 நிமிடங்கள் நீட்டியது. சோபிக்ளோன் குறிப்பிடத்தக்க அளவில் நீட்டவில்லை. எனவே இப்பகுதியில் தேவை மிகுந்தவராகத் தோன்றும் இரவுப்பணியாளருக்கே மருந்தின் பயன் மிகக் குறைவாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது எனலாம்.

எழும் நேரமும் எஞ்சும் மருந்தும்

உடலிலுள்ள மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் காலம் அரைவாழ்வுக் காலம் எனப்படும். சோல்பிடெமுக்கு இது ஏறத்தாழ 2.5 மணி நேரம். இரவு 10 மணிக்கு உட்கொண்டு காலை 6 மணிக்கு எழுபவரின் உடலில், இக்கணக்கின்படி, மருந்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். அதே மாத்திரையை இரவு 11 மணிக்கு உட்கொண்டு 3 மணிக்கு மீன் ஏலத்திற்கோ, படகுக்கோ எழுபவரின் உடலில் மூன்றில் ஒரு பங்கு எஞ்சியிருக்கும். மருந்தும் அளவும் ஒன்றே, இடர் வேறு. பெண்களின் உடலிலிருந்து சோல்பிடெம் மெதுவாக நீங்குவதால், மறுநாட் காலையில் வாகனம் ஓட்டும் திறன் குறையும் எனக் கண்ட அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், 2013இல் அவர்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது.

நைட்ரசிபாமின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். நாள்தோறும் ஒரு மாத்திரை உட்கொள்பவரின் உடலில் முதல் நாளிலிருந்து பாதி, அதற்கு முந்தைய நாளிலிருந்து கால் எனச் சேர்ந்து, சில நாட்களில் அடுத்த மாத்திரையை விழுங்குமுன்னரே ஏறத்தாழ ஒரு முழு மாத்திரையின் அளவு தங்கிவிடுகிறது. பளுதூக்கி இயக்குபவரும், சரக்குப்பெட்டக லாரி ஓட்டுநரும், கொதிகலனைக் கண்காணிப்பவரும் அந்நிலையிலேயே பணிக்குச் செல்ல நேர்கிறது. முதியோரிடம் இதுவே தள்ளாட்டமாகவும், விழுந்து இடுப்பெலும்பு முறிவதாகவும், மறதியாகவும் வெளிப்படுகிறது.

விழிக்க வேண்டிய இரவு

இப்பகுதிக்கேயுரிய மற்றோர் இடரும் உண்டு. 2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூரிலுள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் முதலிய மீனவர் குடியிருப்புகளில் மக்கள் நெடியால் விழித்து, குழந்தைகளோடு வீடுகளை விட்டு வெளியேறினர். மூச்சுத்திணறலுற்ற பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அதே மாதத்தின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளமும், அதனோடு எண்ணெய்க் கசிவும் இப்பகுதி வீடுகளுக்குள் புகுந்தன.

அமோனியாவின் கடும் நெடி இயல்பான உறக்கத்தைக் கலைக்கவல்லது. மருந்தால் மயங்கியவர் எளிதில் விழிப்பதில்லை. விழித்தாலும் நிலைமையை உணர்ந்து செயல்படக் காலம் தாழ்கிறது. மருத்துவக் குறிப்பேட்டில் இவ்விடர் இடம்பெறுவதில்லை. ஆலைக்கும் கடலுக்கும் இடையே வாழும் ஒரு குடும்பத்தில், இரவில் விழிக்கும் திறன் ஓர் உயிர்க்காப்பு என்பதை மருந்து எழுதுபவர் கணக்கில் கொள்ளவேண்டியுள்ளது.

மதுவும் பிற மருந்துகளும்

மது, அபினி சார்ந்த வலிநீக்கிகள், உறக்க மருந்துகள் ஆகிய மூன்றும் மூச்சைத் தணிப்பவை. ஒன்றோடொன்று சேரும்போது மூச்சே நின்றுபோகலாம். அபினிவகை வலிநீக்கிகளும் பென்சோடையசிபைன்களும் சேர்வது குறித்து அமெரிக்க நிர்வாகம் 2016இல் உயரிய எச்சரிக்கை விடுத்தது. உடலுழைப்பின் வலி, அதைத் தணிக்கும் மது, பின்னர் உறக்கத்திற்கான மாத்திரை என்னும் வரிசை துறைமுகத் தொழிலாளரிடையே எளிதில் அமையக்கூடியது. மருத்துவர் மதுப்பழக்கத்தைக் கேட்டறியாது எழுதும் மருந்துச்சீட்டு முழுமையானதன்று.

சார்பும் நிறுத்தமும்

தொடர்ந்து சில வாரங்கள் உட்கொள்ளும்போது உடல் மருந்துக்குப் பழகிவிடுகிறது. பயன் குறைய, அளவு கூடுகிறது. நிறுத்தினால் முன்னிருந்ததைவிடக் கடுமையான தூக்கமின்மை சில நாட்கள் தோன்றும். பயனாளி இதனை நோய் திரும்பியதாகக் கருதி மீண்டும் மருந்தை நாடுகிறார். நெடுநாள் உட்கொண்ட பென்சோடையசிபைனைத் திடீரென நிறுத்துவது வலிப்பையும் உயிரிழப்பையும் உண்டாக்கலாம். எனவே தீங்கை அறிந்தவுடன் மாத்திரையைத் தூக்கியெறிவதும் தீங்கே. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் 2025இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு அளவே குறைத்துத் தொடங்கப் பரிந்துரைக்கிறது. இது மருத்துவர் மேற்பார்வையில் பல மாதங்கள் நீளும் பணியாகும்.

இந்தியாவில் அல்ப்ரசோலம், டயசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடெம் ஆகியவை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் உள்ளன. மருந்துச்சீட்டின்றி இவற்றை விற்கலாகாது. எழுதிய மருத்துவர், பெற்ற நோயாளி ஆகியோரின் பெயர்களைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் காக்க வேண்டும். பழைய சீட்டைக் காட்டியோ, அண்டை வீட்டாரிடம் கேட்டோ பெறும் மாத்திரை இக்காப்பைக் கடந்துவிடுகிறது.

மருந்துக்கு முந்தைய வழி

தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சையை முதற்சிகிச்சையாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. உறக்கம் வரும்போது மட்டும் படுத்தல், எழும் நேரத்தை நிலைப்படுத்தல், படுக்கையில் கழிக்கும் நேரத்தைக் குறைத்தல் முதலியன இதன் கூறுகள். இவற்றுள் இறுதிக் கூறு தொடக்க வாரங்களில் பகற்சோர்வை மிகுவிக்கும் என்பதால், ஓட்டுநருக்கும் பொறி இயக்குநருக்கும் எச்சரிக்கையோடு கைக்கொள்ளத்தக்கது. வாரந்தோறும் முறை மாறும் தொழிலாளரால் எழும் நேரத்தை நிலைப்படுத்தவும் இயலாது. அங்கே சிகிச்சையின் ஒரு பகுதி ஆலையின் பணிநேரப் பட்டியலிலேயே உள்ளது. முறைகளுக்கிடையே போதிய இடைவெளியும், முன்னோக்கிச் சுழலும் முறைமாற்றமும் மருத்துவரால் எழுதித்தர இயலாத மருந்துகள்.

மருந்து முற்றிலும் விலக்கத்தக்கது என்பது இதன் பொருளன்று. இழப்பு, பேரிடர், கடும் மனவேதனை ஆகியவற்றின்போது, குறைந்த அளவில், 4 வாரங்களுக்குள், நிறுத்தும் நாளை முன்கூட்டியே குறித்துத் தரப்படும் மருந்து பயனுடையது.

முடிவுரை

உறக்க மருந்தின் நன்மை நிமிடங்களில் அளக்கப்படுவது. அதன் தீமை விபத்து, வீழ்ச்சி, மூச்சடக்கம், சார்பு என்னும் வடிவில் வருவது. இவ்விரண்டையும் எடைபோடும் தராசில், பயனாளியின் வயதோடும் நோயோடும் அவருடைய பணிமுறை, எழும் நேரம், இயக்கும் பொறி, மதுப்பழக்கம், குடியிருப்பின் இடம் ஆகியவையும் வைக்கப்பட வேண்டும். இராயபுரத்தையொட்டிய ஸ்டான்லி அரசு மருத்துவமனை முதல் நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் வரை, ‘தூக்கம் வரவில்லை’ என்று கூறுபவரிடம் ‘எப்போது எழவேண்டும், எழுந்தபின் என்ன வேலை?’ என்னும் வினா முதலில் கேட்கப்படுமாயின், மருந்துச்சீட்டுகள் பலவற்றின் தேவை குறையும். எஞ்சியவை பாதுகாப்பாக எழுதப்படும்.