கம்பளம் வாங்குவோர் புரட்டிப் பார்க்க வேண்டிய மறுபக்கம்

பெங்களூரு: புதிய அடுக்குமாடிக் குடியிருப்பில் குடியேறும் பெங்களூரு நடுத்தரக் குடும்பத்தினர், வரவேற்பறைக்குக் கம்பளம் தேடி மகாத்மா காந்தி சாலை, கமர்ஷியல் தெருக் கடைகளுக்குச் செல்வது வழக்கம். அங்கே ஒரே அளவும் ஏறக்குறைய ஒரே பூவேலையும் கொண்ட இரு கம்பளங்களின் விலை பல மடங்கு வேறுபடும். இரண்டும் "கையால் செய்தவை" என்றே விற்கப்படும். அந்தச் சொல் பொய்யல்ல. ஆனால், முழு உண்மையும் அல்ல.

பாவு நூலில் ஒவ்வொரு முடிச்சையும் விரலால் இட்டு நெய்வது ஒரு வகை. துணியில் கைக்கருவியால் கம்பளி நூலைச் செலுத்தி, பின்புறம் பசை பூசி, மற்றொரு துணியால் மூடுவது 'டஃப்டட்' எனப்படும் இன்னொரு வகை. முன்னதற்குப் பல மாதங்கள் ஆகலாம். பின்னது சில நாள்களில் முடிந்துவிடும். இந்த வேறுபாட்டை வாங்குபவர் அறியாவிட்டால் இழப்பு அவருக்கு மட்டுமல்ல, முடிச்சிட்ட நெசவாளிக்கும்தான்.

அந்த உழைப்பின் அளவுக்கு நாடாளுமன்றமே சான்று. 2023 மே 28-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில், மயில் கருத்தில் மக்களவைக்கும், தாமரைக் கருத்தில் மாநிலங்களவைக்கும் கம்பளங்கள் விரிக்கப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர் பகுதிகளைச் சேர்ந்த சுமார் 900 நெசவாளர்கள் 10 லட்சம் மனித மணி நேரம் உழைத்து, சதுர அங்குலத்துக்கு 120 முடிச்சுகள் வீதம், மொத்தம் 60 கோடிக்கும் அதிகமான முடிச்சுகளை இட்டனர்.

எப்படிக் கண்டறிவது?

கம்பளத்தைப் புரட்டிப் பார்ப்பதே முதல் சோதனை. கைமுடிச்சுக் கம்பளத்தில் முன்புறப் பூவேலை பின்புறத்திலும் தெளிவாகத் தெரியும். ஓரக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாகவே இருக்கும். பின்புறம் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். அதன் பசை ஆண்டுகள் செல்லச் செல்லப் பொடியாக உதிரக்கூடும். குஞ்சம் தனியே தைக்கப்பட்டிருந்தால் இயந்திரத் தயாரிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். உதிரி இழை ஒன்றை எரித்தால் கம்பளி முடி கருகும் வாடை தரும். செயற்கை இழை உருகி உருண்டையாகும். "மூங்கில் பட்டு" என்ற பெயரில் வருவது பெரும்பாலும் விஸ்கோஸ். ஈரம் பட்டால் வலுவிழக்கும்.

காஷ்மீர், பதோஹி கம்பளங்களுக்குப் புவிசார் குறியீடு உண்டு. குழந்தைத் தொழிலாளர் இன்றித் தயாரிக்கப்பட்டதைக் காட்டும் முத்திரை, 1994-இல் 'ரக்மார்க்' என்ற பெயரில் தொடங்கி, 2009 முதல் 'குட்வீவ்' எனப்படுகிறது. 1986-ஆம் ஆண்டு குழந்தைத் தொழிலாளர் சட்டமே கம்பள நெசவைத் தடை செய்யப்பட்ட பணிகளில் சேர்த்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அருகில் இருக்கும் மாற்று

கம்பளிதான் வேண்டும் என்பதில்லை. பெங்களூரிலிருந்து 400 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில், தார்வாட் மாவட்டத்து நவல்குந்தில் பெண்கள் நெய்யும் பருத்தி ஜமக்கானா 2011-இல் புவிசார் குறியீடு பெற்றது. பகடைக் கட்டங்களும் மயில்களும் அதன் அடையாளம். இன்று அதை நெய்யும் பெண்கள் வெகு சிலரே. தமிழகத்தின் பவானி ஜமக்காளம் 2005-06-இலேயே இக்குறியீட்டைப் பெற்றது. இரண்டையும் எளிதில் துவைக்கலாம். பெங்களூரின் கட்டுமானத் தூசிக்கு இது சிறிய நன்மை அல்ல.

ஜமக்காளத்துக்கு நாடாளுமன்றச் சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. 1985-ஆம் ஆண்டு கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தின்கீழ் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட 11 பொருள்களில் அதுவும் ஒன்று. விசைத்தறித் தரப்பின் எதிர்ப்பு வழக்குகளில் 1993-இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை உறுதி செய்தது. ஆயினும், விசைத்தறிப் போலிகள் சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைப்பதாகப் பவானி நெசவாளர்கள் தொடர்ந்து முறையிட்டு வருகின்றனர். சட்டம் தறியை ஆராயலாம். கடையில் துணியைப் புரட்டிப் பார்ப்பவர் வாங்குபவர் மட்டுமே.

ஏற்றுமதியை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தையும் நெசவாளர்கள் உணர்ந்துள்ளனர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது பதோஹி கடும் நெருக்கடிக்கு உள்ளானது. உள்நாட்டு வாங்குபவர் அவர்களுக்கு முன்னெப்போதையும்விட முக்கியமானவராகிறார்.

எனவே, பணம் செலுத்தும் முன் கைமுடிச்சா, டஃப்டட்டா, கைத்தறியா, எந்த இழை, எந்த ஊர் என்பதை ரசீதில் எழுதித் தருமாறு கேட்பது நல்லது. ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. "கையால் செய்தது" என்று வாயால் சொல்லத் தயங்காத கடைக்காரர், "கைமுடிச்சு" என்று எழுதித் தரத் தயங்கினால், விலையை மறுபரிசீலனை செய்ய அதுவே போதுமான காரணம்.